வீட்டிலுமா காய்?

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் மெதுவாகக் கூப்பிட்டதில்லை. நான் பைக் மெக்கானிக். பட்டறைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அகலமாகிவிட்டது. மனைவி தையல் மெஷினை மிதித்துக்கொண்டே பக்கத்து அறையிலிருக்கும் மகளை, "அடி பிசாசே" என்பாள். "என்னம்மா, பிசாசோட அம்மா" என்று பதில் வரும்.

எட்டாம் வகுப்புப் பாதியில் அந்தப் பதில் நின்றது. மகள் சாப்பாட்டைத் தொடவில்லை, பள்ளிக்கூடம் என்றால் வயிற்றுவலி, விடிந்தும் போர்வைக்குள். பயந்துபோய் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனோம். அங்கேயும் அவள் வாய் திறக்கவில்லை.

"மனச்சோர்வு மாதிரி தெரியுது. வாராவாரம் கூட்டிட்டு வாங்க. வீட்ல நச்சரிக்காதீங்க," என்றார் அவர்.

நச்சரிப்பை நிறுத்தினோம். அதோடு பேச்சும் நின்றுபோனது. எதைக் கேட்டாலும் நச்சரிப்பாகிவிடுமோ என்று பயம். மனைவி, "கண்ணு, டீ" என்று கதவருகே வைத்துவிட்டு நழுவுவாள். நான் பூனை மாதிரி நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"நீங்களும் எங்கூட காய் விட்டுட்டீங்களா?"

"என்னடி சொல்றே?" என்றாள் மனைவி.

"கிளாஸ்ல எல்லாரும் காய். எங்கூடப் பேசினா அவங்களுக்கும் காயாம். நான் உக்காந்தா பெஞ்சையே காலி பண்றாங்க. இப்ப வீட்லயும் யாரும் பேசல. எம்மேலதான் தப்பு போலிருக்கு."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "உம்மேல தப்பா? அடி பிசாசே, உன்னை நோகடிக்கக் கூடாதுன்னு வாயைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இத்தனை நாளா உங்கப்பாவைக்கூடத் திட்டல."

"எனக்குத்தான் ஏதோ பெரிய வியாதி, அதான் உங்கம்மா திட்டாம விட்டுவச்சிருக்கான்னு நெனச்சேன்," என்றேன்.

மகள் சிரிக்கப் பார்த்தாள், அழுகை முந்திக்கொண்டது. மனைவி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் ஸ்கூலுக்கு வரேன்."

"நீ வேணாம்மா. டீச்சரையும் சேத்துத் திட்டுவே. அப்பா வரட்டும்."

போனேன். வகுப்பு டீச்சர் முழுவதையும் கேட்டுக்கொண்டு, அந்தப் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். எல்லாரும் மாறிவிடவில்லை, சிலர் இன்னும் முறைப்புத்தான். சில காலைகளில் மகளால் எழுந்திருக்கவும் முடிவதில்லை. ஆலோசகரிடம் விடாமல் போகிறோம். ஆனால் வகுப்பில் ஒருத்தி மட்டும் தானாகவே வந்து இவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று மகள் பையை வீசிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"அந்தப் பொண்ணு வாயே மூடமாட்டேங்கிறாப்பா. கணக்கு கிளாஸ்லகூடப் பேச்சு. எனக்குத் தலையே வலிக்குது."

"ஐயோ பாவம்," என்றேன். மனைவி பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் இருவரும் சிரித்துவிடுவோம்.