ஆறு நிமிடம் நாற்பது வினாடி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அச்சகத்தின் பின்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். காகிதக் கட்டுகள் அடுக்கிய மேடை மேல் உட்கார்ந்தும் கால் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர் அச்சகத்துக்காரர். அறையும் அவருடையது, அந்த உயரமும் அவருடையது. ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் 'பல்லு'. பல் மருத்துவர் அல்ல, மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பவர். அவருக்கு எதிரில் மடியில் கிடார் பையோடு டீச்சர். எங்களோடு சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. கதவுக்குப் பக்கத்தில், எந்த நேரமும் எழுந்து போகத் தோதாக, என் தம்பி. லிஃப்ட் பழுது பார்ப்பவன். மேசைக்குப் பின்னால் நோட்டோடு நான், ரசிகர் வட்டத்தின் செயலாளர்.

பேச வேண்டிய பொருள் ஒன்றுதான். இசைத்தட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருந்தது. இரண்டு ஆல்பங்களில் ஒன்றை மட்டும் மறுபடி வெளியிடப் போகிறார்களாம். எங்கள் கிடார்காரர் இருந்த ராக் குழுவின் நான்காவது ஆல்பம் ஒன்று. குழுவை விட்டு விலகி அவர் தனியாகப் போட்ட ஒரே ஆல்பம் மற்றொன்று. ஒவ்வொரு ரசிகர் வட்டத்துக்கும் ஓர் ஓட்டு. மறுநாள், திங்கட்கிழமை, தபால் முத்திரை விழும் ஓட்டு வரை செல்லும். தோற்கும் ஆல்பத்தின் மூல நாடாவை இனி எடுப்பதாக இல்லை என்றும் பணிவாக எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடைசி வரி என் தம்பியைத்தான் உறுத்தியது. எங்களில் அந்தத் தனி ஆல்பத்தின் அசல் தட்டை வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். ஒன்பது வருடத்துக்கு முன் அதை ஒரு வாரம் என்னிடம் கொடுத்தான். நான் கேசட்டில் பதிந்துகொண்டு திருப்பிக் கொடுத்தேன். அடுத்த மாதமே வேன் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் மறந்து வைத்தான். தட்டு கிண்ணம் மாதிரி வளைந்துவிட்டது. பிறகு எல்லாருக்கும் என் கேசட்தான். அதிலிருந்து பிரதி எடுத்து வெளியூர் வட்டங்கள் ஆறுக்கும் நானே அனுப்பியிருந்தேன்.

அந்த ஆல்பத்தைக் கேட்டு உருகியவன் அவன் மட்டும்தான். அதனால் வட்டத்தில் அவனுக்குத் 'தாலாட்டு' என்று பெயர் விழுந்தது. இரண்டு வருடமாகக் கூட்டத்துக்கே வராமல் இருந்தான். அன்று வந்ததற்குக் காரணம் அந்த ஓட்டு.

அச்சகத்துக்காரர்தான் ஆரம்பித்தார். "குழுவுல இருந்தவரைக்கும் டிரம்மர் பின்னாடி நின்னு விரட்டின மாதிரி ஓடினார் தலைவர். தனியா விட்டதும் பாயை விரிச்சுப் படுத்துட்டார். என்ன தாலாட்டு, நான் சொல்றது?"

பல்லு தன் பழைய கொள்கையை எடுத்து வைத்தார். குழுவை விட்டு வந்ததில் தலைவருக்கு மனசு உடைந்துபோயிற்று, அதனால்தான் தனி ஆல்பத்தில் கிடாரின் சுருதியையே அரைப் படி இறக்கிக்கொண்டார், குரல்கூடத் தொண்டை கட்டின மாதிரி இருக்கிறது என்பது அவர் வாதம். நான்கு வருடத்துக்கு முன் வட்டத்தின் கருத்தாக இதை நான் எழுதி அனுப்பி, ரசிகர் இதழில் முழுப் பக்கம் வந்திருக்கிறது. டீச்சரும் ஆமோதித்தார். அந்தப் பாட்டுகளோடு சேர்ந்து வாசிக்கத் தன் கிடாரை அரைப் படி தளர்த்தித்தான் ஆக வேண்டியிருக்கிறது என்றார்.

தம்பி அப்போதுதான் வாயைத் திறந்தான். "குழுவுல ரெண்டு சரணத்துக்கு நடுவுல அவருக்குக் கிடைக்கிறது அரை நிமிஷம். அதுக்குள்ள எல்லாத்தையும் கொட்டியாகணும். தனி ஆல்பத்துல அவருக்கு அவசரமில்ல. ஆனா தூக்கமும் இல்ல. நான் தட்டுல கேட்டது இது மாதிரி இல்ல."

"எது மாதிரி?" என்றார் பல்லு.

அவன் என்னைப் பார்த்தான். ஒன்பது வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஞாபகம் எதற்கும் மெருகு பூசிவிடும் என்று ஒவ்வொரு முறையும் நான் அவன் வாயை அடைத்திருக்கிறேன்.

கை தூக்கச் சொன்னேன். குழு ஆல்பத்துக்கு மூன்று கைகள். நான்காவது என்னுடையது, நான் என்றைக்கும் அந்தப் பக்கம்தான். ஆனால் ஓட்டைப் பதிவதற்கு முன் பொருளின் விவரங்களைப் பதிய வேண்டும். தேதி, இடம், பொருள், விவரம், முடிவு என்று ஐந்து தலைப்பு போட எங்கள் சின்ன ஊர்ப் பள்ளியில் பழக்கிவிட்டார்கள். அதை மாற்றி எழுத எனக்கு வராது. நிறுவனம் கடிதத்தோடு ஒரு துண்டுத்தாள் வைத்திருந்தது, பாட்டுகளின் பெயரும் நேரமும். பழைய தட்டின் அட்டையில் நேரம் போட்டிருக்கவில்லை. அதனால் கேசட்டை ஓடவிட்டு நானே கடிகாரம் பிடித்துக் குறித்த நேரங்கள்தான் என் நோட்டில் இருந்தன. சரிபார்த்து எழுதலாமென்று இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.

முதல் பாட்டு, தாளில் மூன்று நிமிடம் இருபது வினாடி. நோட்டில் மூன்று முப்பத்திரண்டு. நான்காவது, தாளில் ஆறு நிமிடம் நாற்பது. நோட்டில் ஏழு நிமிடம் நான்கு. ஒரே பாட்டில் இப்படியென்றால் என் கடிகாரத்தின் மேல் பழி போட்டிருப்பேன். எட்டுப் பாட்டும் ஒரே கணக்கில் நீண்டிருந்தன, நூற்றுக்கு ஆறு.

நோட்டின் பின்பக்கத்தைப் புரட்டினேன். வீட்டுச் சாமான்களின் பழுதெல்லாம் அங்கேதான் எழுதி வைப்பேன். கேசட் பதிந்த தேதிக்குப் பதினோராவது நாள், என் கையெழுத்தில்: 'தட்டு பிளேயர் மெதுவாகச் சுற்றுகிறது. பெல்ட் தளர்ந்துவிட்டது. புதிது மாற்றியாயிற்று.'

நோட்டை மூடியிருக்கலாம். கைகள் இன்னும் மேலேதான் இருந்தன. எண்ணி எழுதினால் முடிந்தது.

"கையை இறக்குங்க. இந்த ஓட்டு செல்லாது," என்றேன். "நான் பதிஞ்சப்பவே தட்டு மெதுவா சுத்தியிருக்கு. நாம யாரும் இந்த ஆல்பத்தைக் கேட்டதே இல்ல. கேட்டவன் அவன் ஒருத்தன்தான்."

துண்டுத்தாளையும் நோட்டையும் மேசையில் வைத்து, நேரங்களையும் பின்பக்கக் குறிப்பையும் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். அச்சகத்துக்காரர் சிரித்தார். ஒரு பாட்டுக்குப் பத்திருபது வினாடியில் என்ன குடிமுழுகிப் போகிறது என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. வேகம் நூற்றுக்கு ஆறு குறைந்தால் சுருதி சரியாக அரைப் படி இறங்கும் என்றார்.

பல்லு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அப்ப மனசு உடைஞ்சது?"

"உங்க மனசுதான் உடையுது இப்ப," என்றார் அச்சகத்துக்காரர்.

தம்பி இடுப்பிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை உருவிக்கொண்டு மேசைக்கு வந்தான். அங்கே நாங்கள் என் கேசட்டைப் போட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டரைத் திருப்பிப் போட்டு மூடியைக் கழற்றினான். மோட்டாருக்குப் பின்னால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்று இருக்கிறதாம். அவன் ஒரு நூல் திருப்புவான், முதல் பாட்டை முழுக்க ஓடவிடுவோம், நான் நேரம் சொல்வேன். மூன்று இருபத்தேழு. மூன்று பதினாறு. மூன்றாவது முறை சரியாக மூன்று இருபது. டீச்சர் கிடாரை வழக்கமான சுருதிக்கு ஏற்றி ஒரு தந்தியைத் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகு நான்காவது பாட்டைப் போட்டோம். ஆறு நிமிடம் நாற்பது வினாடியும் முழுதாகக் கேட்டோம். தொண்டை கட்டின குரலைக் காணோம். அந்த இடத்தில் ஓர் இளைஞன் நிமிர்ந்து நின்று பாடினான். நடுவில் கிடார் ஒற்றைச் சுரத்தைப் பிடித்து நிறுத்துகிற இடத்தில் நாங்கள் வழக்கமாகக் கொட்டாவி விடுவது உண்டு. இப்போது அந்தச் சுரம் அடங்குவதற்குள் அடுத்தது பாய்ந்து வந்தது. தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அச்சகத்துக்காரர் நேர்மையானவர். "என் ஓட்டு இப்பவும் குழுவுக்குத்தான். அந்த டிரம்ஸ் இல்லாம எனக்கு ஆகாது. ஆனா தூங்குறார்னு இனிமே சொல்ல மாட்டேன்," என்றார். பல்லு யோசித்து யோசித்துக் குழுவோடு நின்றார். டீச்சர் தனி ஆல்பத்துக்கு மாறினார். தம்பி அதற்குத்தான். இரண்டுக்கு இரண்டு.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்காகப் போடாதக்கா. பாவம் பார்த்துப் போட்ட ஓட்டு எனக்கு வேணாம்," என்றான் தம்பி.

"உனக்காக இல்லடா. இத்தனைக்கப்புறமும் எனக்குக் குழுதான் பிடிக்குது. ஆனா அதை எல்லாரும் சரியான வேகத்துல கேட்டாச்சு. இதை யாரும் கேட்கல. கேட்காததைத்தான் முதல்ல கேட்கணும்."

மூன்றுக்கு இரண்டு. எழுதினேன். வேலை அதோடு முடியவில்லை. வெளியூர் வட்டங்கள் ஆறும் என் கேசட்டைக் கேட்டுத்தான் ஓட்டுப் போடப் போகின்றன, போட்டும் இருக்கலாம். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு கடிதம், நிறுவனத்துக்கு எங்கள் ஓட்டோடு ஒரு கடிதம். அந்த ஆறு வட்டங்களும் திருத்திய வேகத்தில் கேட்டு முடிக்கும்வரை ஓட்டை எண்ண வேண்டாம் என்று கேட்பது. மறுத்தால் மறுபடி எழுதுவது.

அச்சகத்துக்காரர் அருகில் வந்து, பேரெல்லாம் எதற்கு, பதிவில் கோளாறு நேர்ந்துவிட்டது என்று எழுதினால் போதாதா என்றார். இதழில் முழுப் பக்கம் வந்த பெயர் கெட்டுப்போகுமே என்ற கவலை அவருக்கு. குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆளே இல்லாமல் தவறுகள் தாமாக நேர்ந்துவிடுகிற கடிதங்களைப் பதினாறு வருடமாக எழுதி வருகிறேன். இந்த ஏழையும் அப்படி எழுத எனக்கு மனமில்லை.

தம்பிகூடச் சொன்னான், "பெல்ட்னு எழுது, போதும்."

"பெல்ட்டுக்குக் கையெழுத்து போடத் தெரியாதுடா," என்றேன்.

அன்று பிற்பகல் முழுதும் எழுதினேன். பதிந்தவள் நான், பிளேயர் என்னுடையது, பழுது தெரிந்த தேதி இது, தெரிந்த பிறகும் முன்னால் பதிந்ததை நான் சரிபார்க்கவில்லை, சரியாகக் கேட்ட ஒருவர் ஒன்பது வருடம் சொல்லியும் நான் நம்பவில்லை. இதழில் வந்த கட்டுரையின் பக்க எண்ணைக் குறித்து, அது முழுதும் தவறு என்று எழுதினேன். டேப்பின் வேகத்தைத் திருத்தும் முறையைத் தம்பி சொல்லச் சொல்ல வரிசைப்படுத்தினேன். இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினான். திருகு படத்தை அவனே வரைந்தான், ஏழு முறை.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தபால் நிலையத்துக்குப் போனேன். தம்பி வேனை வெளியில் நிறுத்திவிட்டு என்னோடு வரிசையில் நின்றான். ஏழு உறைகளையும் மேடை மேல் வரிசையாக வைத்து, முகவரிகளை மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். நிறுவனத்துக்கான கடிதத்தை அவன் கேட்டு வாங்கி, நின்றபடியே கடைசி வரி வரை படித்தான். மடித்து உறைக்குள் போட்டு, மூடியில் பசையைத் தடவி, கட்டைவிரலால் ஓரம் முழுதும் அழுத்தினான். நான் அதை வாங்கிக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன்.

"முத்திரையில இன்னைக்குத் தேதி தெளிவா விழணும்," என்றேன் உள்ளே இருந்தவரிடம்.

அவர் முத்திரையை மையில் ஒற்றி ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். தேதியை நான் படித்துப் பார்க்கும்வரை காத்திருந்து, உறையைப் பையில் போட்டார்.