கூட இருப்பவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மின்விசிறிக்கு நேர் கீழே, கை வைத்த நாற்காலியில், கணவரின் அண்ணன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறேழு வருடம் ஆகியும் வீட்டிலும் வெளியிலும் அவருக்கு ஹெட்மாஸ்டர் என்றே பெயர். கட்டில் விளிம்பில், எந்த நேரமும் எழுந்து ஓடிவிடத் தயாராக, பாதி மட்டும் உட்கார்ந்து கணவர். பக்கத்துத் தையல் கடைக்குத் திறக்கும் கதவோரம், முக்காலியில், கழுத்தில் அளவு நாடா தொங்க நாத்தனார். யாரைப் பற்றிய பேச்சோ அவளுக்கு மட்டும் இருக்கை போடத் தோன்றவில்லை. அவள் அடுக்களை வாசலில் தரையில் இருந்தாள்.

பேச வேண்டிய விஷயம் ஒன்றுதான். வியாழக்கிழமை அவளுடைய இடது மார்பை அறுத்து எடுக்கப் போகிறார்கள்.

"மூணு வாரம் தள்ளிப் போட்டாச்சு," என்றார் ஹெட்மாஸ்டர், பள்ளிக்கு விடுமுறை விடுகிறவர் மாதிரி.

"எதை மாமா?"

"அதைத்தான். அடுத்த வாரம் பொண்ணு பார்க்க வர்றாங்க. வீட்ல ஒருத்தி ஆஸ்பத்திரியில கிடந்தா என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா சொல்லுங்க. அவ உங்க பொண்ணு. என் ரத்தம் ஒரு சொட்டு அவ உடம்புல ஓடல. என் மாருல கட்டி வந்தா அவ கல்யாணம் எப்படி நிக்கும்?"

மாரு என்ற சொல் விழுந்ததும் மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள், எதையோ தொலைத்துவிட்டவர்கள் போல.

"கொஞ்சம் மெதுவாப் பேசு," என்றார் கணவர்.

"ஏன், அதுக்கு வேற பேர் வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருக்கோம்," என்றார் ஹெட்மாஸ்டர், கொஞ்சமும் கூசாமல். "கர்ப்பப்பையில கட்டின்னு சொல்லிடு. அது எல்லார் வீட்லயும் நடக்கறது. யாரும் துருவிக் கேக்க மாட்டாங்க."

"இனி ஒரு நாள்கூடத் தள்ளாதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்தாச்சும்மா. வாசகம் நான் சொன்னேன், இவன் எழுதினான். உன் கையெழுத்தையும் இவனே போட்டுட்டான். உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கட்டில் சட்டத்தில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

அவள் குடிநீர் வாரிய அலுவலகத்தில், பொதுமக்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறவள். அங்கே அவளுக்குப் பதிலம்மா என்று பெயர். எத்தனை கேவலமாகத் திட்டி வந்த கடிதத்துக்கும் வரிசை எண் போட்டு, ஒவ்வொரு குறைக்கும் ஒரு பத்தி வீதம், நிதானமாகப் பதில் எழுதுவாள். அன்றைக்கு அவளால் ஒரு வரி பேச முடியவில்லை. பேசினால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்திருப்பாள்.

திங்கட்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பதிவு மேசைக்குப் போனாள். அங்கிருந்த நர்ஸ் கோப்பைப் பிரித்து அந்தக் கடிதத்தைக் காட்டினாள். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று தொடங்கியிருந்தது. அடியில் அவள் பெயர்.

"இது உங்க கையெழுத்து இல்லையா?"

"பழைய படிவத்தை எடுத்துப் பாருங்க. நான் எங்க அப்பா இனிஷியலைத்தான் போடுவேன். கல்யாணம் ஆகியும் மாத்தல. இதுல என் வீட்டுக்காரர் அவரோட இனிஷியலைப் போட்டிருக்காரு. இருபத்திரண்டு வருஷமா ஒரே வீட்ல இருக்கற மனுஷன்."

நர்ஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இதைப் பார்க்காமலேயா வாங்கி வெச்சீங்க?" என்று அவள் குரல் உயர்ந்தது. "எங்க ஆபீஸ்ல குழாய் அடைப்புன்னு எழுதிக் குடுத்தாக்கூடக் கையெழுத்தைச் சரிபார்ப்போம். இது என் உயிரும்மா!"

"தப்புதான். உங்க இடத்தை இன்னும் யாருக்கும் குடுக்கல. நாளைக்கு நாலு மணிக்குள்ள எழுத்துல குடுங்க, வியாழக்கிழமையே வெச்சுக்கலாம். ஆனா இங்க பாருங்க, கூட இருப்பவர்னு ஒரு கட்டம் இருக்கு. முன்னே உங்க நாத்தனார் பேர் இருந்துச்சு. அதையும் வேண்டாம்னு இந்த லெட்டர்ல எழுதியிருக்காங்க. பெண்கள் வார்டு, ஆம்பளைங்களை விடமாட்டோம். ஒரு பொம்பளையோட கையெழுத்து இல்லாம அட்மிட் பண்ண முடியாது."

"யாரும் இல்லாதவ எங்க போவா?"

நர்ஸ் நடைபாதையின் கோடியைக் கை காட்டினாள். "கடைசி ரூமுக்குப் போங்க. திங்கட்கிழமைதோறும் இதே ஆபரேஷன் ஆனவங்க அங்க கூடுவாங்க."

கடைசி அறையில் ஐந்து பெண்கள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் விறைத்த கையைத் தூக்கிப் பழக, விரல்களைச் சுவரில் ஊன்றி, எறும்பு ஏறுவது போல் மேலே மேலே நகர்த்தினாள். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. சுவர் முழுக்கக் கோடுகள். காக்கிச் சட்டை போட்ட ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். பஸ் கண்டக்டர்.

"புதுசா? முன்னாடியா, பின்னாடியா?"

"என்னது?"

"ஆபரேஷனுக்கு."

"முன்னாடி."

"அப்ப நாற்காலி உனக்கு. முன்னாடி உள்ளவங்க உக்காந்து என்ன வேணா கேக்கலாம். பின்னாடி உள்ளவங்க பொய் சொல்லாமப் பதில் சொல்லணும். இங்க இது ஒண்ணுதான் சட்டம்."

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பதினோரு கேள்விகளை எண் போட்டு எழுதி வைத்திருந்தாள்.

"அடேயப்பா, விசாரணைக் கமிஷன் வந்திருக்கு!" என்றாள் கண்டக்டரம்மா. "கேளு கேளு."

"ஒண்ணு. வலிக்குமா?"

"வலிக்கும். முதல் நாள் மருந்து மயக்கத்துல தெரியாது. அப்புறம் கையைத் தூக்கறப்ப உயிர் போகும். பக்கத்துல ட்யூப் தொங்கும், ரத்தத் தண்ணி இறங்கும். பயப்படாதே. பயந்தாலும் அது பாட்டுக்கு இறங்கும்."

"நாலு. சட்டை போட்டா வெளியில தெரியுமா?"

கண்டக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து பொத்தான்களைக் கழற்றினாள். தட்டையான நெஞ்சில் இரண்டு கோடுகள், தைத்து மூடிய பைகளின் வாய் மாதிரி. பதிலம்மா பார்த்தாள். பார்க்கவே முடியாது என்று இத்தனை நாளாகப் பயந்த ஒன்றை நேருக்கு நேர் பார்த்தாள். அது வெறும் தோல்தான்.

"எனக்கு ரெண்டும் போச்சு. கூட்டத்துல இடிக்கறவன் இன்னும் இடிச்சுக்கிட்டுதான் இருக்கான். ஒண்ணும் கிடைக்காம, பாவம், டிக்கெட்டை வாங்கிட்டுப் போறான்."

சுவரில் ஏறிக்கொண்டிருந்த விரல்கள் எல்லாம் சிரிப்பில் வழுக்கின. பதிலம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஆத்திரம் பொங்கியது. இந்தச் சிரிப்பு இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கிறது. தனக்கு மட்டும் யாரும் வழி சொல்லவில்லை.

"ஏழு. வீட்டுக்காரர் பார்ப்பாரா?"

சுவரில் ஏறிய விரல்கள் நின்றன. பொய் சொல்லக் கூடாதே.

"என்னோடவர் இன்னும் பார்க்கல. எட்டு மாசம் ஆச்சு," என்றாள் ஒரு சின்ன வயதுக்காரி.

"எங்க வீட்டு ஆளு பார்த்துட்டு நேரா போய் டீ போட்டுக்கிட்டு வந்துச்சு. வேற என்ன பண்றதுன்னு அதுக்குத் தெரியல," என்றாள் இன்னொருத்தி.

பதிலம்மா ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னாள். கர்ப்பப்பை என்ற இடத்தில் கண்டக்டரம்மா கையைத் தட்டினாள். "இங்க ஒரு டெய்லரம்மா வந்துட்டிருந்தா. அவளுக்கும் வீட்ல அதே பேர்தான் வெச்சாங்க. நாலு தடவை வந்தா, அப்புறம் காணோம். ஆனா வருஷா வருஷம் யார் மூலமாவது இதை மட்டும் அனுப்பிடுவா." அலமாரியைத் திறந்து உருண்டையான ஒரு துணிப் பையை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே பஞ்சும் கொஞ்சம் தினையும். கனம் இருந்தால்தான் ரவிக்கை ஒரு பக்கமாக ஏறாது என்று விளக்கினாள்.

பதிலம்மா பையைத் திருப்பினாள். ஓரம் இரண்டு மடிப்பு. தையல் முடிகிற இடத்தில் ஒரு குட்டிப் பெருக்கல் குறி. தன் ரவிக்கையின் கை ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் அதே பெருக்கல் குறி. நூல் பிரியக் கூடாது என்று நாத்தனார் எல்லாத் துணியிலும் போடுவது.

"எப்ப வந்தா?"

"ஆறு வருஷம் இருக்கும்."

ஆறு வருடம் முன்பு பதிலம்மாவும் கணவரும் மாற்றலாகி வேறு ஊரில் இருந்தார்கள். நாத்தனாருக்குக் கர்ப்பப்பை எடுத்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. இவளும் ஆறுதல் சொல்லி ஒரு கடிதம் போட்டாள்.

பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராகத் தையல் கடைக்கு வந்தாள். ஓடிக்கொண்டிருந்த மிஷினின் மேல், ஊசிக்குப் பக்கத்தில், அதை வீசினாள்.

"இதுதான் உன் கர்ப்பப்பையா?"

மிஷின் நின்றது. நாத்தனார் எழுந்து தெருக் கதவைச் சாத்தினாள். "மெதுவா, அண்ணி."

"என்னடி மெதுவா? பதினோரு வாரமா குழாயைத் திறந்து விட்டுட்டு அந்தச் சத்தத்துல அழறேன். இந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம் உன் மிஷின் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. ஒரு தடவை நிறுத்திட்டு வந்து, அண்ணி எனக்கும் இதுதான், நான் உயிரோடதானே இருக்கேன்னு சொல்லியிருந்தா போதுமே! உன் வாயை ஊசி வெச்சா தைச்சிருந்தாங்க?"

"தைச்சுதான் இருந்தாங்க. பெரியண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு. அவர் பொண்ணுக்குக் கல்யாணம் முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு."

"உங்க சின்னண்ணனுக்குத் தெரியுமா?"

நாத்தனார் ஆமாம் என்று தலையசைத்தாள். பதிலம்மா துணி வெட்டும் மேசையை ஓங்கி அறைந்தாள்.

"நீங்க மட்டும்தான் கோபப்படணுமா?" நாத்தனாரின் குரலும் இப்போது மெதுவாக இல்லை. "எனக்கு யார் வந்து சொன்னாங்க? மாருல தையல் போட்டிருக்கு, நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். பார்க்க வந்தவங்க எல்லாம் வயித்தைப் பார்த்து விசாரிச்சாங்க. நீங்களும்தான் கனம் தூக்காதே, கையை அசைக்காம ஓய்வெடுன்னு லெட்டர் போட்டீங்க. என் கை தோளுக்கு மேல போகாம விறைச்சுக் கிடந்துச்சு. தூக்கிப் பழகுன்னு எழுத ஒரு ஆள் இல்ல. அந்த ரூமுக்குப் போனேன். தெரிஞ்சவங்க கண்ணுல பட்டா மானம் போயிடும்னு அதையும் நிறுத்திட்டாரு."

"உன்னை மன்னிக்கறதா வேணாமான்னு யோசிக்க எனக்கு இப்ப நேரம் இல்ல," என்றாள் பதிலம்மா. "நாளைக்கு ஒரு பொம்பளை கையெழுத்து வேணும். கேட்டா கண்டக்டரம்மா கண்ணை மூடிட்டுப் போடுவா. இருந்தாலும் முதல்ல உன்கிட்ட வந்திருக்கேன். ஏன்னு கேக்காதே, எனக்கே தெரியல."

நாத்தனார் துணிப் பையை எடுத்து இழுப்பறையில் வைத்தாள். மிஷினில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை. அன்று மதியம் அலுவலகத்துக்குப் போய்க் கோப்புகளை ஒப்படைத்துவிட்டால் அதன் பிறகு நீண்ட விடுப்பு. பதிலம்மா துணி வெட்டும் மேசையிலேயே ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டு எழுதினாள். கோபம் வரிசை எண்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஐயா, 1. என் பெயரில் தங்களிடம் தரப்பட்ட கடிதம் என்னுடையதல்ல, கையெழுத்தும் என்னுடையதல்ல. 2. அறுவைச் சிகிச்சையை நான் தள்ளிப்போடச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வியாழக்கிழமையே செய்ய வேண்டுகிறேன். 3. இனி என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர யார் எழுதிக் கொடுத்தாலும் ஏற்க வேண்டாம். 4. அறுவைச் சிகிச்சை நடக்கப்போவது என் இடது மார்பில். 5. கூட இருப்பவர்:"

அதற்கு மேல் வெற்றிடம். கீழே, "நகல்: ஹெட்மாஸ்டர் அவர்கள், முன்னறை. தகவலுக்காக."

நகலை வாங்கிப் படித்த ஹெட்மாஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் வந்தார். பின்னாலேயே கணவர்.

"குடும்ப விஷயத்தை ஊருக்கு எழுதறியா? இதுக்கு யார் கூட வருவா? இந்த வீட்லேர்ந்து ஒரு ஆள் வரமாட்டாங்க."

நாத்தனார் எழுந்து வந்தாள். பேனாவைக் கேட்காமலே பதிலம்மாவின் கையிலிருந்து எடுத்தாள். ஐந்தாவது எண்ணுக்கு நேரே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: "நாத்தனார். எனக்கும் இதே ஆஸ்பத்திரியில் இதே அறுவைச் சிகிச்சை. ஆறு வருடம் ஆகிறது."

"சத்தியம் என்னாச்சு?" என்று கத்தினார் ஹெட்மாஸ்டர்.

"வாங்கினது நீங்கதானே பெரியண்ணா? நீங்களே பத்திரமா வெச்சுக்குங்க."

ஹெட்மாஸ்டர் நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றினார். அவர் வகுப்பில் இதற்கு முன் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை போலும்.

"நான் வேணா கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்," என்றார் கணவர், யார் முகத்தையும் பார்க்காமல்.

"ஒரு தடவை கொண்டுபோனது போதும். என் கையெழுத்து எப்படி இருக்கும்னு முதல்ல பார்த்துக் கத்துக்குங்க. வியாழக்கிழமைக்கு அப்புறம் பார்க்கறதுக்கு இன்னும் நிறைய இருக்கு."

கடிதத்தை மூன்றாக மடித்தாள். உறைக்குள் வைத்து, பசையை ஒரு கோடி முதல் மறு கோடி வரை தடவி, உள்ளங்கையால் அழுத்தினாள். நாத்தனாரும் கூட வந்தாள். இரண்டு பேரும் தெருமுனை பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

ஆஸ்பத்திரி வழியாகப் போகிற பஸ் பன்னிரண்டே காலுக்கு வந்தது. உறையைப் பதிவு மேசையில் சேர்த்துவிடுவதாக முந்தின நாளே சொல்லியிருந்த கண்டக்டரம்மா படியில் தொங்கியபடி கையை நீட்டினாள். நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள். "ஏய் டெய்லரு! திங்கட்கிழமை சுவத்துக்கு வரணும், சொல்லிட்டேன்."

உறையை வாங்கி, தோல் பையின் உள்ளறையில் செருகி, பொத்தானைப் போட்டாள். விசில் ஊதினாள். பஸ் கிளம்பியது.