வேப்பிலை செருகும் முன்

அறுபத்தாறாம் வருஷம் மாசிக் கடைசி. மகன் மாசானத்தின் காதோரம் சிவப்பாகத் தடித்திருந்ததைத் தங்கமயில் பார்த்தாள். மணல்வாரி அம்மை. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டு ஆட்கள் வேறு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. தாராவிக்கு வந்த பிறகும் அவர்கள் விடாத கட்டு அது.

அதனால் வேப்பிலையைத் தள்ளிப்போட்டாள். மூத்தவள் வடிவுக்காவது அம்மை தொற்றாமல் இருக்கட்டும் என்று, மான்குர்த்தில் நாத்தனார் கனகவள்ளி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பள்ளிக்கூட லீவு என்று சொல்லி வைத்தாள். திரும்பி வந்துதான் வேப்பிலை செருகினாள்.

தண்ணீர் ஊற்றியும் மாசானத்துக்கு இருமல் நிற்கவில்லை. மாதுங்கா டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனாள்.

"ஆத்துல வேற குழந்தை உண்டா?"

"ஒரு பொண்ணும்மா. முத்து தெரிஞ்ச அன்னைக்கே நாத்தனா வீட்டுக்கு அனுப்பிட்டேன்." பெருமையாகத்தான் சொன்னாள்.

"முத்து தெரியறதுக்கு முன்னாடியே அவளுக்கும் ஒட்டியிருக்கும். நோயையும் கூடவே அனுப்பியிருக்கேள். அங்கே கைக்குழந்தை இருக்கா?"

"எட்டு மாசத்துல ஒண்ணு."

"உடனே தூக்கிண்டு வரச் சொல்லுங்கோ. ஊசி இருக்கு. நாள் தள்ளினா பலிக்காது."

மான்குர்த்தில் கனகவள்ளி வாசலிலும் வேப்பிலை தொங்கியது. உள்ளே வடிவு முகமெல்லாம் சிவந்து கிடந்தாள்.

"மைனி, அங்கனயே நில்லுங்க."

"கனகு, பிள்ளையத் தூக்கிட்டு வா. மாதுங்கால ஊசி போடணும்."

"அம்மா வந்து இறங்கியிருக்கா. படி தாண்டி ஊசிக்குப் போகவா? உங்களுக்குத் தெரியாததா?"

"அதெல்லாம் பாக்காத. நானே மாசானத்துக்கு முத்து பாத்துட்டுத்தான் இவளக் கொண்டாந்து விட்டேன்."

கனகவள்ளி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சேவா? லீவுன்னு சொன்னீங்களே மைனி. உங்க பிள்ளை பொன்னு, எம் பிள்ளை தவிடு, அப்படித்தான?"

"என்னை வையி. பிள்ளையக் குடு."

"நீங்க செஞ்ச குத்தம்தான் இங்க வந்து நிக்கி. அதுக்கு மேல நானும் ஒண்ணு செய்யணுமாக்கும்."

கதவு சாத்திக்கொண்டது. பொழுது சாயும்வரை தங்கமயில் தட்டிக்கொண்டிருந்தாள்.

வடிவு தேறிவிட்டாள். குழந்தைக்கு அம்மையோடு மார்ச்சளியும் கட்டிக்கொண்டது. பங்குனி முடிவதற்குள் கனகவள்ளி தொட்டில் சேலையை அவிழ்த்தாள். வடிவைக் கூட்டிவரத் தங்கமயிலின் புருஷன் சிவனாண்டி மட்டும் போனான். தங்கச்சி அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.