குளத்தில் இருந்த இன்னொருவர்

சிறையின் பார்வையாளர் அறையில் நான் சிரித்ததே கிடையாது. லூசியானாவில், எங்கள் வட்டார நீதிமன்றத்தில், காசில்லாதவர்களுக்காக வாதாடும் வக்கீல் நான். அந்த வேலையில் சிரிப்பு அதிகம் வருவதில்லை. எனக்கு மௌனம்தான் வசதி. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும், எதிரில் இருப்பவரால் அதைத் தாங்க முடியாமல் எதையாவது சொல்லிவிடுவார்.

அன்று என் கட்சிக்காரன் ஒஸேமே லத்தியோலே சொன்னான்.

அவனைக் குற்றவாளி என்று ஜூரி சொல்லியாகிவிட்டது. வியாழக்கிழமை தண்டனை. தவக்காலத்துக்கு முந்தின நாள் வரும் மார்டி கிரா திருவிழா அன்று, நண்பகலில் பக்கத்து வீட்டுப் படகிலிருந்து மோட்டாரைத் திருடியதாக வழக்கு. கந்தல் உடையும் கம்பிவலை முகமூடியும் போட்ட ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருந்தார். சிவப்புச் சட்டை என்றார். ஒஸேமேயின் சட்டையும் சிவப்புதான். ஆனால் அன்று ஊரில் பாதிப் பேர் சிவப்புச் சட்டையும் முகமூடியுமாகக் குதிரையேறி, வீடு வீடாகப் போய் கம்போ குழம்புக்குக் கோழி துரத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் தான் ஒரு குளத்துக்குள் இருந்ததாகவும், கூடவே முகமூடி போட்ட இன்னொருவர் இருந்ததாகவும் ஒஸேமே சாட்சி சொன்னான். அரசு வக்கீல் ரேஃபர்ட் கீட்ரோ ஜூரியின் பக்கம் திரும்பி, "அப்போ அந்த ஆள் எங்க? ஏன் இங்க வரல?" என்று கேட்டார். ஜூரி சிரித்தது. பழைய வழக்குகள் இரண்டு இருந்ததால் ஒஸேமேக்குப் பத்து வருடம் நிச்சயம்.

"கோழி என் கையில இருந்துச்சு வக்கீலம்மா," என்றான் அவன். "அந்த ஆளு பின்னாலேர்ந்து பாஞ்சான். ரெண்டு பேரும் குளத்துல. என் முகமூடி மிதந்து போயிருச்சு. என் மூஞ்சியையே பாத்தான். நான் கோழிய இழுத்தேன். அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா?"

நான் குறிப்பேட்டிலிருந்து நிமிர்ந்தேன்.

"'ஆட்சேபிக்கிறேன், கனம் நீதிபதி அவர்களே'ன்னான். வாயெல்லாம் தண்ணி. குளத்துல ஏதும்மா நீதிபதி? ஒரு தவளைதான் உக்காந்திருந்துச்சு. கரையேறிப் பாத்தா கோழியும் இல்ல, ஆளும் இல்ல."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, பிறகு தோள் குலுங்க. காவலர் எட்டிப் பார்த்தார். எங்கள் நீதிமன்றத்தில் ஆட்சேபம் சொல்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். நான் குளத்தில் இல்லை.

"இத ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?"

"குடிச்சவன் உளறினதையெல்லாம் கோர்ட்ல சொல்வாங்களா?"

மார்டி கிராவுக்கு மறுநாள், சாம்பல் புதன்கிழமை, கீட்ரோ ஒரு வழக்குக்கு வரவில்லை. திங்கட்கிழமையிலிருந்தே காய்ச்சலில் படுத்துக் கிடப்பதாக நீதிபதி பிக்கூ அம்மையாருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அடுத்த நாள் கொஞ்சம் நொண்டிக்கொண்டே வந்தார். காய்ச்சலுக்கும் நொண்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு நான் யோசித்திருக்க வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானது எதுவும் அரசு வக்கீலுக்குத் தெரிந்தால் அதை மறைக்கக் கூடாது. விசாரணையின் நடுவே வெளிப்பட்டால் வாய்தா கேட்கலாம், புது ஜூரி கேட்கலாம். ஜூரியின் முடிவுக்குப் பிறகு வெளிப்பட்டால் புது விசாரணையே கேட்கலாம். ஆனால் நீதிபதி வாய் திறந்து தண்டனையைச் சொல்லிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். அப்புறம் இருப்பது மேல் நீதிமன்றங்களின் நீண்ட வரிசை. அதில் நின்றே ஒஸேமே நரைத்துப் போவான்.

சிறையிலிருந்து திரும்பிய அன்று மாலையே அல்சே ஸோனியேயின் கடைக்குப் போனேன். பெட்ரோல் பங்கில் சூடாகப் பூடான் தொத்திறைச்சி விற்பவர். மார்டி கிரா அன்று அவர்தான் கப்பித்தான், கூட்டத்தின் தலைவர். குதிரைக் கூட்டத்தில் முகமூடி இல்லாதவர் அவர் ஒருவர்தான். கையில் வெள்ளைக்கொடி இருக்கும். கொடி தாழ்ந்திருந்தால் எல்லோரும் சாலையிலேயே காத்திருக்க வேண்டும். உயர்ந்தால் அவரிடம் ஓட வேண்டும். நின்று யோசிப்பவன் முதுகில் சாட்டை விழும். அந்தக் கொடி இப்போது குளிர்பெட்டியின் மேல் சாய்ந்து கிடந்தது.

"முகமூடிக்குள்ள யாருன்னு சொல்றவன் கப்பித்தானே இல்ல, மிஸ் கொரீன்," என்றார் அல்சே. "எனக்கு முன்னாடி எங்கப்பாதான் கப்பித்தான். சாகும்போதுகூட அவர் வாயில ஒரு பேரு வரல."

"ஒரு மனுஷன் பத்து வருஷம் உள்ள போவான்."

அவர் கத்தியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். என்னைப் போலவே பேசாமல் இருக்கத் தெரிந்தவர்.

"கோர்ட்டுக்கு வரேன்," என்றார் கடைசியில். "பேச மாட்டேன்."

"பேசாம வந்து என்ன பண்ணுவீங்க?"

"ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருக்கு. பாப்போம்."

வியாழக்கிழமை காலை, தண்டனைக்கு முன்பாகப் புது விசாரணை மனுவைக் கொடுத்தேன். பிக்கூ அம்மையார் படித்தார். கீட்ரோ எழுந்தார்.

"கோப்பில இருக்கிற எல்லாத்தையும் கொடுத்தாச்சு, யுவர் ஆனர். குளத்துல யாரோ இருந்தது குற்றம் சாட்டப்பட்டவருக்கே தெரியும். தெரிஞ்சதை எப்படி மறைக்க முடியும்?"

"யாரோ இருந்தது தெரியும்," என்றேன். "அது யாருங்கிறது இந்த அறையில ஒருத்தருக்குத்தான் தெரியும். அது கோப்பில இல்ல, தலையில இருக்கு. மார்டி கிரா அன்னிக்கு மத்தியானம் அரசு வக்கீல் எங்க இருந்தார்னு சொல்லட்டும்."

கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். கீட்ரோ அனுபவசாலி, அவரும் உட்கார்ந்துகொண்டு மேசையைப் பார்த்தார். பொதுவாக இதற்குள் யாராவது பேசியிருப்பார்கள்.

பின்வரிசையில் அல்சே எழுந்தார். சட்டைப்பையிலிருந்து பெரிய வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். உதறினார். தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்.

அதன்பின் நடந்ததை நினைத்தால் இப்போதும் சாப்பிடும்போது புரையேறுகிறது. கீட்ரோவின் நாற்காலி தடாலென்று விழுந்தது. அவர் நடுவழியில் இருந்தார், ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நீதிமன்றக் காவலர், தொப்பியைப் பிடித்துக்கொண்டு. எழுத்தர் மேசையைத் தாண்ட முயன்று ஒரு காலை மட்டும் தாண்டியிருந்தார். எல்லோருக்கும் பின்னால், கால் சங்கிலி குலுங்க, ஒஸேமே தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தான். நால்வரும் ஒரே சமயத்தில் நின்றார்கள். தங்கள் கால்களையே பார்த்தார்கள்.

பிக்கூ அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "அல்சே, என்ன இது?"

"மூக்கு சிந்தலாம்னு எடுத்தேம்மா."

"தலைக்கு மேலயா?"

"மடிப்பு பிரியட்டும்னு."

நீதிபதி உதடுகளை இறுக்கிக்கொண்டு கீட்ரோவின் பக்கம் திரும்பினார். "அன்னிக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி இருந்துச்சு, மிஸ்டர் கீட்ரோ?"

கீட்ரோவின் முகம் ஏதேதோ செய்து பார்த்தது. கடைசியில் தோற்றது. சிரிப்பு பீறிட்டது. "காய்ச்சல் இல்ல, யுவர் ஆனர். குளம்தான் ஐஸ் மாதிரி இருந்துச்சு."

எழுத்தர் மேசைமேல் அமர்ந்தபடியே சிரித்தார். காவலர் சுவரைப் பார்த்து நின்று சிரித்தார். சங்கிலிகூடச் சிரித்தது.

"லத்தியோலேயின் முகத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"பாத்தேன். கோயில்ல பன்னெண்டு மணி அடிச்சுது அப்போ."

"அப்புறமும் அந்த ஆள் எங்கன்னு ஜூரியக் கேட்டீங்க."

சிரிப்பு நின்றது. கீட்ரோ நிமிர்ந்து நின்றார். "கேட்டேன். பதில் தெரிஞ்சுதான் கேட்டேன். சொன்னா காய்ச்சல் பொய்யும் வெளிய வரும். முகமூடிக்குள்ள நடந்தது முகமூடிக்குள்ளயே இருக்கட்டும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"முகமூடி ஊருக்கு. இங்க வெறும் மூஞ்சிதான்," என்றார் பிக்கூ அம்மையார். ஜூரியின் முடிவை அங்கேயே ரத்து செய்தார். புது விசாரணை, அதுவரை ஒஸேமே வெளியில். கீட்ரோ இனி இந்த வழக்கில் சாட்சி, அதனால் வக்கீலாக இருக்க முடியாது. காய்ச்சலையும் ஜூரியிடம் கேட்ட கேள்வியையும் வக்கீல்களை விசாரிக்கும் குழு தனியாகக் கவனிக்கும் என்றார். வேறொரு அரசு வக்கீல் வந்து, தன் தரப்பு ஆளே எதிர்த்தரப்பின் முதல் சாட்சியாக நிற்பதைப் பார்த்துவிட்டு, அந்த மாதமே வழக்கைத் திரும்பப் பெற்றார்.

ஆனால் அது பிறகு. அந்த வியாழக்கிழமை, சங்கிலி கழன்ற காலைத் தேய்த்துக்கொண்டு ஒஸேமே நீதிமன்றப் படிகளில் நின்றான். கீட்ரோ தலைகுனிந்து இறங்கி வந்தார்.

"சார், ஒரு சந்தேகம்," என்றான் ஒஸேமே. "அந்தக் கோழி என்னாச்சு?"

கீட்ரோ நின்றார். நீண்ட மௌனம். அதன் வகை எனக்கு நன்றாகத் தெரியும்.

"இதையும் தெரியப்படுத்தணுமா, மிஸ் கொரீன்?" என்று என்னைக் கேட்டார்.

"தெரிஞ்சதெல்லாம்," என்றேன்.

அவர் ஒஸேமேயின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "கம்போ கொஞ்சம் உப்பு தூக்கல்."