பேய்த்தேரில் வந்த மாப்பிள்ளை

சிறிய ரண் என்னும் பாலைவெளியில் உப்பு விளைவிக்கும் மோங்கி, கானலுக்குள் கையை விட்டுத் தன் மருமகனாக வரவேண்டியவனின் மூக்கைப் பிடித்தபோது, அவன் முப்பது மைலுக்கு அப்பால் நாவ்டா கிராமத்தில், அப்பா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சாஸரில் தேநீரை ஊற்றி ஊதிக்கொண்டிருந்தான். தேநீர் புதுச் சட்டையில் கொட்டியது. அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. அந்த வருஷம் உப்பு நல்ல விளைச்சல், விலைதான் படுத்துக் கிடந்தது.

ரண்ணில் இருப்பவர்களுக்குக் கானல் அண்டை வீட்டுக்காரர் மாதிரி. மழைத் தண்ணீர் வற்றி, மண் வெடித்து, தீபாவளி முடிந்து உப்புக்காரக் குடும்பங்கள் சட்டிபானையோடு உள்ளே வந்து குடிசை போட்டதும் அதுவும் வந்து சேர்ந்துவிடும். வெயில் ஏறினால் நாலு பக்கமும் ஏரி. ஏரிக்கு நடுவில் காட்டுக்கழுதைகள் பனைமர உயரக் கால்களோடு நடந்து போகும். யாராவது சைக்கிளில் வந்தால் முதலில் ஒரு கோபுரம் தெரியும், பிறகு கோபுரத்தின்மேல் இன்னொரு கோபுரம் முளைக்கும், கடைசியில் இரண்டும் சேர்ந்து வியர்த்து வழியும் தபால்காரராகிக் குடிக்கத் தண்ணீர் கேட்கும். தண்ணீர் லாரி அதற்குத் தோன்றின நாளில்தான் வரும். அதனால் மோங்கி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கானலைப் பார்த்துத் திட்டுவாள். "தினம் தினம் தண்ணியக் காட்டுறியே, ஒரு குடம் குடுத்தா கொறஞ்சா போயிடுவ?" கானலோ, திட்டுகிற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொள்ளும்.

அந்தப் பருவத்தில் ஆமதாபாத்திலிருந்து நிருபமா என்ற ஆராய்ச்சிக்காரி வந்து, மோங்கியின் குடிசைக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடித்து, ஒரு மூங்கில் கழியில் அடியிலிருந்து நுனிவரை வெப்பமானிகளைக் கட்டி நட்டு வைத்திருந்தாள். தரையோரம் காற்று கொதிக்கிறது, மேலே அவ்வளவு இல்லை, அதனால் வெளிச்சம் நேரே வராமல் வளைந்து வருகிறது, வானம் தரையில் தெரிகிறது, நாம் அதைத் தண்ணீர் என்கிறோம் என்று அவள் விளக்கினாள். காற்று வேறு மாதிரி அடுக்கிக்கொண்டால் அடிவானத்துக்குக் கீழே கிடக்கும் ஊரைக்கூட மேலே தூக்கிக் காட்டும், சில சமயம் தலைகீழாக. மோங்கி கம்பு மாவைத் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "அப்ப காட்டுற ஊரு நெஜமாவே எங்கியோ இருக்கு, இல்லியா பென்?" பென் என்றால் அங்கே அக்கா, தங்கச்சி, யாரையும் மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். இருக்கிறது என்றாள் நிருபமா. "அது போதும்" என்று மோங்கி ரொட்லாவைத் திருப்பிப் போட்டாள்.

மோங்கிக்கு ஒரே மகள், கேசர். அவள் மனசு போபட் என்பவன்மேல் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போபட் என்றால் கிளி. மூக்கைப் பார்த்துப் பெயர் வைத்தார்களா, பெயரைக் கேட்டு மூக்கு வளர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. உப்பு லாரி ஓட்டுகிறவன். ரண் முழுக்க நன்றாக ஓடும் லாரி, மோங்கியின் பாத்தி ஓரம் வந்ததும் நின்றுவிடும். கேசர் ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்தால் கிளம்பிவிடும். அவள் அப்பா சவ்ஷி அதிகம் பேசாத மனுஷர். அவரே ஒரு நாள், "அந்த வண்டிக்கு டீசல் தேவையில்ல போலிருக்கு, மோர்லயே ஓடுது" என்றார்.

போபட்டின் அப்பா மேராமணுக்குச் சொந்தக் கிணறு, அதில் நல்ல தண்ணீர், அந்தக் கொழுப்பு வேறு. உப்புப் பாத்தியிலிருந்து பெண் எடுப்பது அவருக்கு மானக்கேடாக இருந்தது. மகன் சாப்பிடமாட்டேன் என்று படுத்துக்கொண்டதால் வாயால் சரி என்றார், மனசால் சொல்லவில்லை. அட்சய திருதியைக்குக் கல்யாணம் என்று முடிவானது. அங்கே வழக்கம் இப்படி: மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் மாமியார் ஆரத்தி எடுத்துவிட்டு அவன் மூக்கைப் பிடிக்க வேண்டும். எங்கள் பெண்ணுக்காகத் தரையில் மூக்கைத் தேய்த்துக் கெஞ்சிக்கொண்டு வந்தாயா என்று அதற்குப் பொருள். அவன் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டித் தப்பிக்கப் பார்ப்பான், ஒரே கூத்தாக இருக்கும். பிடிபட்டால் "விடுங்க மாஜி" என்று அவன் வாய்விட்டுச் சொல்லி, அது மாமியார் காதில் விழுந்தால்தான் விடுவாள். குறித்த நாளில் பொழுது சாய்வதற்குள் இதுவும் கல்யாணமும் நடக்காமல் போனால் பேச்சு முறிந்தது. அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்டு வரமாட்டார்கள். மேராமண் இதைத்தான் உள்ளுக்குள் வைத்திருந்தார். சண்டை போட வேண்டாம், முடியாது என்றும் சொல்ல வேண்டாம், கட்டிலை விட்டு எழுந்திருக்காமல் இருந்தாலே காரியம் முடிந்துவிடும்.

திருதியை அன்று மோங்கி சாக்குக் குடிசையின் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டினாள். கோதுமை ரவையும் வெல்லமும் நெய்யுமாக லாப்ஸி ஓர் அண்டா நிறையத் தயாரானது. மற்றப் பாத்திகளிலிருந்து பெண்கள் பட்டுச் சேலையும் வெடித்த கால்களுமாக வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரை வாங்கு வாங்கென்று வாங்குகிற கேலிப் பாட்டுகளை அவர்கள் ஒரு மாதமாகக் கட்டி வைத்திருந்தார்கள். உச்சிவேளை போயிற்று. மாப்பிள்ளையைக் காணோம். பாட்டெல்லாம் தொண்டையிலேயே நின்றது. கேசர் செம்மஞ்சள் சேலையில், கை நிறைய மருதாணியோடு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தாள். அழுதாலாவது பரவாயில்லை. அவள் அழாமல் இருப்பதைப் பார்க்க மாட்டாமல் மோங்கி ஆறிப்போன லாப்ஸியை மறுபடியும் கிளறினாள்.

மூன்று மணி வாக்கில் கானல் நாவ்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தது. பாத்திக்கு மேலே, ஆகாயத்தில், மேராமணின் முற்றம் முழுசாகத் தலைகீழாகத் தொங்கியது. வேப்பமரம் கீழ்நோக்கி வளர்ந்திருந்தது. எருமை கால்களை மேலே வைத்து நின்று அசைபோட்டது. கட்டிலில் மேராமண் காலை ஆட்டிக்கொண்டு சாய்ந்திருக்க, தலைப்பாகை கட்டி மாலையும் போட்ட போபட் எழுந்து எழுந்து அப்பாவைப் பார்ப்பதும், அவர் உட்கார் என்று கையைக் காட்டுவதும், யாரோ இன்னொரு சுற்றுத் தேநீர் கொண்டுவருவதும் துல்லியமாகத் தெரிந்தன. சத்தம் மட்டும் இல்லை. கானலுக்கு அன்றுவரை பேச்சு வந்ததில்லை. "பாவி மனுஷன், டீ குடிச்சே பொழுத ஓட்டுறான்" என்றார் சவ்ஷி. கேசர் அண்ணாந்து பார்த்தாள். "மா, அவனுக்கு வரணும்னுதான் இருக்கு. நல்லாப் பாரு, செருப்பு போட்டுத் தயாரா இருக்கான்" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

மோங்கிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முற்றம் மெல்ல நகர்ந்து தோரணத்துக்கு நேராக, கை எட்டும் தூரத்துக்கு வந்து நின்றது. கானலுக்குப் பழைய தமிழில் பேய்த்தேர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். தேர் என்று பேர் வைத்த பிறகு, வாசலில் வந்து நிற்காமல் அது வேறென்ன செய்யும். மோங்கிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் வாசலில் நிற்கிற மாப்பிள்ளையை என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். நிருபமாவைத் திரும்பிப் பார்த்து, "பென், வளையுறது வெளிச்சம் மட்டும்தானா, மூக்கும் வளையுமா?" என்று கேட்டாள். நிருபமா மூங்கிலில் இருந்த அத்தனை வெப்பமானிகளையும் பார்த்தாள். எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் காட்டின. "இன்னைக்கு இருக்கிற சூட்டுக்கு எதையும் சொல்றதுக்கில்ல மோங்கிபென், முயற்சி பண்ணிப் பாருங்க" என்றாள். மோங்கி முக்காலிமேல் ஏறி, ஆரத்தித் தட்டைத் தலைகீழாகத் தொங்கியவனுக்கு ஏற்றபடி எதிர்ப்பக்கமாகச் சுற்றி, கையை நீட்டினாள். மூக்கு குளிர்ந்து, மீன் மாதிரி வழுக்கியது. இருந்தாலும் கிளி மூக்கு ஆயிற்றே, வளைவில் விரல் நன்றாக மாட்டிக்கொண்டது.

நாவ்டாவில் போபட் அலறினான். "விடுங்க மாஜி, விடுங்க மாஜி" என்று அவன் கத்தியதை ஊரே கேட்டது. ஆனால் கானலில் சத்தம் வராதே. காதில் விழாத சொல்லுக்கு மூக்கை விட மோங்கி என்ன முறை தெரியாதவளா? அவள் இழுத்தாள். போபட் உட்கார்ந்தபடியே வாசலைத் தாண்டினான். மேராமண் பாய்ந்து மகனின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். அவரை அவர் தம்பி பிடித்தார், தம்பியை மேளக்காரர் பிடித்தார், மேளக்காரரைக் கரண்டியும் கையுமாகச் சமையல்காரர் பிடித்தார், சமையல்காரர் கட்டிலைப் பிடித்தார், கட்டில் காலில் கட்டியிருந்த எருமையும் கட்டிலோடு சேர்ந்து கிளம்பிவிட்டது. யாராவது ஒருவர் கையை விட்டிருந்தால் வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு அந்தப் புத்தி வரும்? இந்தப் பக்கம் மோங்கியின் கை ஓயத் தொடங்கியதும் சவ்ஷி அவள் தோளைப் பிடித்து இழுத்தார், பெண்கள் சவ்ஷியை இழுத்தார்கள், நிருபமா நோட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து கடைசி ஆளின் முந்தானையைப் பற்றிக்கொண்டாள். சிரித்துச் சிரித்து அவர்களுக்குப் பாதி பலம் போய்விட்டது, இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் வந்திருப்பார்கள். ரண்ணின் நடுவில் காட்டுக்கழுதைகள் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்து, ஈடுகொடுக்க முடியாமல் நின்றுவிட்டன.

பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது மொத்த ஊர்வலமும் வாசலுக்கு வந்து தலைகீழாகத் தொங்கியது. பைகளிலிருந்து பீடியும் கொட்டைப் பாக்கும் மூக்குப்பொடி டப்பியும் ஆலங்கட்டி மழையாகக் கொட்டின. வழியெல்லாம் தங்கிப்போயிருந்த "விடுங்க மாஜி"கள் அத்தனையும் ஒன்றாக வந்து மோங்கியின் காதை அடைத்தன. அவள் உடனே விட்டுவிட்டாள். "அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா, ஜமாய்ராஜா?" என்று கேட்டாள். ஜமாய் என்றால் அங்கே மருமகன். பெண்கள் ஒரு மாதமாகக் கட்டிய பாட்டையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அங்கேயே புதிதாக ஒன்று கட்டினார்கள்: சம்பந்தி வீட்டுச் சீமானுக்குக் கால் இருக்குது ஆகாயத்தில், தலை இருக்குது தரைப் பக்கம், மூளை இருந்தா விழுந்திருக்கும், தேடிப் பாருங்க உப்புக்குள்ள.

மேராமண் தொங்கியபடியே சட்டம் பேசினார். "இது செல்லாது. நான் வீட்ட விட்டுப் பொறப்படவே இல்ல." சவ்ஷி அண்ணாந்து அவரைப் பார்த்தார். "பொறப்படலைன்னா இங்க எப்படி வேவாய் தொங்கிக்கிட்டு இருக்கீங்க?" வேவாய் என்றால் சம்பந்தி. போபட்டைத் திருப்பி நிறுத்த நாலு பேர் முயன்று பார்த்தார்கள், முடியவில்லை. வெயில் இறங்கினால் தானே நேராகிவிடுவார்கள், அதற்குள் பொழுது போய்விடும் என்றாள் நிருபமா. எல்லாரும் கேசரைப் பார்த்தார்கள். "தலைகீழா இருந்தா என்ன, ஆளு இவன்தானே" என்று அவள் எழுந்து வந்தாள். மேலேயிருந்து தொங்கிய கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்றினாள். பட்டம் மாதிரி அவன் கூடவே வந்தான். அங்கே வழக்கப்படி நாலாவதும் கடைசியுமான சுற்று முடிந்தபோது அவள் கண்ணிலிருந்து வழிந்தது கீழே விழுந்தது, அவன் கண்ணிலிருந்து வழிந்தது மேலே போயிற்று. பொழுது சாய்ந்தது. காற்று குளிர்ந்ததும் அத்தனை பேரும் தொப்பென்று விழுந்தார்கள். மேராமண் உப்புக் குவியலில் இடுப்புவரை புதைந்தார். மோங்கி லாரித் தண்ணீரில் ஒரு சொம்பு கொண்டுபோய் அவருக்குத்தான் முதலில் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு கேட்டார். பிறகு லாப்ஸி மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். திரும்பிப் போவதற்கு மட்டும் லாரி வைத்துக்கொண்டார்கள்.

நிருபமா தன் ஆராய்ச்சிக் கட்டுரையில் கானலின் இழுவிசை என்று ஒரு பத்தி சேர்த்தாள், யாரும் ஆட்சேபிக்கவில்லை. போபட்டின் மூக்கு ஒரு விரற்கடை நீண்டது நீண்டதுதான். மேராமண் அந்தப் பயணத்தைத் தான் போட்ட திட்டமாகவே பேச ஆரம்பித்து, வருஷம் இரண்டு போனதும் அவரே அதை நம்பியும்விட்டார். பாதை நனைந்து வண்டி போகாத இடத்துக்குக் கல்யாணம் வைத்தால், அந்தப் பக்கத்தில் இப்போதும் மாப்பிள்ளையைச் செருப்பு மாட்டி முற்றத்தில் உட்கார வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

மோங்கிதான் ஒடுங்கிப்போனாள். கல்யாணம் நடக்க வேண்டும் என்று முப்பது மைல் தூரத்தை இழுத்தவளுக்கு, நடந்தால் மகள் முப்பது மைல் போய்விடுவாள் என்பது லாரி கிளம்பிய பிறகுதான் உறைத்தது. அடுத்த பருவம் குடிசை போட்டதிலிருந்து தினமும் மத்தியானம் அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள். மார்கழி கடைசியில் கானல் நாவ்டாவைக் கொண்டுவந்தது. கேசர் தலைகீழாக அடுப்படியில் உட்கார்ந்து ரொட்லா தட்டிக்கொண்டிருந்தாள். வயிறு மேடிட்டிருந்தது. அவளும் அம்மாவைப் பார்த்துவிட்டாள். என்னவோ சொன்னாள், கேட்கவில்லை. அடுப்பிலிருந்து எடுத்த ரொட்லாவை அப்படியே நீட்டினாள். மோங்கி வாங்கிப் பிட்டு வாயில் போட்டாள். நல்ல சூடு, உப்புதான் இல்லை. "கெணறு இருக்கிற வீட்டுல உப்பு இல்லியாடி" என்று முணுமுணுத்துக்கொண்டே பாத்தியில் இறங்கி ஒரு பிடி அள்ளி வந்தாள். கேசர் உள்ளங்கையை ஏந்தினாள். இங்கிருந்து பார்க்க அது தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது. மோங்கி கீழிருந்து உப்பை அந்தக் கையில் வைத்தாள். ஒரு கல்கூடக் கொட்டவில்லை.