மூச்சுவிடாத ஐந்தாம் தூண்

பொசெய்தோனியா நகரில், ஹேரா தேவி கோயிலின் நான்காம் தூண் வாற்கோதுமை அறுப்பு முடிந்த மறுநாள் மூச்சுவிடத் தொடங்கியது. அதைச் செதுக்கியவன் கிலியாஸ். இளைப்பு நோய்க்காரர்கள் வந்து அதில் முதுகைச் சாய்த்து, சுகமாகிப் போனார்கள். மற்றக் கல்தச்சர்கள் அவனிடம் அளவு கேட்டுப் போனார்கள். அவர்கள் தூண்களும் மூச்சுவிட்டன. அவனைவிட ஒன்பது வயது மூத்த லாகோன் மட்டும் கேட்கவில்லை. அவனுடைய ஐந்தாம் தூண் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது, மூச்சுமில்லை, பேச்சுமில்லை. மீன்காரிகள் கூடையை அதில் சாய்த்துவிட்டு நான்காம் தூணைத் தொடப் போனார்கள். லாகோனுக்கு வயிறு எரிந்தது. மூச்சில்லாத தூண் கூரையைத் தாங்காது, பத்து நாள் பார்த்துவிட்டு அதை இறக்கிவிடுங்கள் என்று தலைமைத் தச்சர் சொன்ன அன்று, சாப்பாடும் இறங்கவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் எல்லாரும் கண்ணயர்ந்திருக்க, அவன் நான்காம் தூணில் நூல் கட்டிப் பார்த்தான். நடுவில் கல் ஒரு விரல் புடைத்திருந்தது. அந்தப் புடைப்பைச் சீவிவிட உளியை ஓங்கினான். தூண் பயந்த குழந்தையைப்போல மூச்சை அடக்கிக்கொண்டது. அவன் கை இறங்கவில்லை. அப்போது கிலியாஸ் ரொட்டியும் ஒலிவக்காயுமாக வந்தான்.

"என்னண்ணே, உளியோட விருந்துக்கு வந்திருக்கே?"

"உன் தூணுக்குத் தொப்பைடா. நேரா செதுக்கத் தெரியாதா?"

"நேரா நின்னா தூரத்துல இடுப்பு ஒடுங்கினாப்புல தெரியுதுண்ணே. நம்ம கண்ணு அப்படி. அதுக்காக ஒரு விரல் விட்டுக்கொடுத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே. உன் தூணுக்கு இன்னும் மேல்தோல் சீவல, கல்லு மிச்சம் இருக்கு. நடுவுல விட்டுட்டு, மேலயும் கீழயும் இழைச்சாப் போதும். நானும் வர்றேன். மொதல்ல சாப்பிடு."

உளியைப் பற்றி கிலியாஸ் அப்புறம் பேசவே இல்லை. ரொட்டியைப் பிட்டு, பெரிய பாதியை நீட்டினான். இந்த மனசும் இவனுக்கே வாய்த்துவிட்டதே என்று லாகோன் அதற்கும் பொறாமைப்பட்டான், பட்டுக்கொண்டே தின்றான்.

இருவரும் ஒன்பது நாள் இழைத்தார்கள். பத்தாம் நாள் காலையில் ஐந்தாம் தூண் மூச்சை இழுத்தது, லேசான குறட்டையோடு. தலைமைத் தச்சர் காதை வைத்துக் கேட்டுவிட்டு உத்தரத்தை ஏற்றச் சொன்னார்.

"உன்னுது மட்டும் சத்தமில்லாம விடுதுடா" என்று லாகோன் முணுமுணுத்தான்.

தெய்வம் எல்லாருக்கும் ஒரே மாதிரி மூச்சைத் தருவதில்லை. குறட்டை விட்ட தூணும் கூரையைத் தாங்கியது. கோயிலில் படுக்க வந்தவர்கள் அதைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டார்கள்.