அட்டைப்படத்தில் இட்சல்

1

இந்தக் கதை எனக்குள் ஊறி வந்ததல்ல. கல்லூரி அலுவலகம் கேட்டது. பொறியியல், அறிவியல் வகுப்புகளில் வயற்கூலிகளான எங்கள் வீட்டுப் பிள்ளைகள் குறைவாம். அவர்களைத் தாங்க ஒரு திட்டம், திட்டத்துக்கு ஒரு ஆண்டுமலர், அட்டைப்படப் பெண்ணைப் பற்றி ஒரு பக்கம். நான் அங்கே கணக்குச் சொல்லித்தருபவன். அதற்குமுன் சலினாஸ் வயல்களில் பதினோரு வருடம் லெட்டூஸ் கீரை அறுத்தவன். அதனால் எனக்கு 'உள்ளிருந்து' எழுத வருமாம்.

2

முதல் தொடக்கம்: விடியல் பனியில், கனவுகளைச் சுமந்தபடி இட்சல் பர்ராகான்...

(அடித்துவிட்டேன். அந்தப் பனியில் விரல் மரத்துப்போகும். கனவு வராது.)

இரண்டாவது: இட்சலுக்குத் தன்னம்பிக்கை குறைவு. திட்டம்தான் அவளை...

(இதுவும் பொய். அடுக்கிய பெட்டிகள் சரியும் என்று மேஸ்திரியிடம் வாதாடி, மறுபடி அடுக்கவைத்தவள் அவள்.)

3

நடந்ததைச் சொல்கிறேன். இட்சல் கட்டுமானப் பொறியியல், இரண்டாம் ஆண்டு. விசையியலில் தோற்றாள். வியாழக்கிழமை மறுதேர்வு. அதை எழுதாவிட்டால் துறையை விட்டே போக வேண்டும்.

திட்டத்தில் நான் எடுக்கும் துணைவகுப்பு மூன்று மணிக்கு. அந்நேரம் அவள் கீரை கட்டும் கொட்டகையில் வேலைக்கு நிற்பாள். ஆறு மணிக்கு மாற்றக் கேட்டாள், நானும் கேட்டேன். மாற்றவில்லை. வகுப்புக்கு வராததற்குக் காரணம் தன்னம்பிக்கைக் குறைவு என்று முடிவுகட்டி, அதற்கொரு பயிலரங்கு வைத்தார்கள். அதுவும் மூன்று மணிக்கு.*

மூன்று நாள் வராதவர் பெயர் திட்டத்திலிருந்து நீக்கப்படும். நீக்கினார்கள். பெயர் நீங்கியவருக்கு மறுதேர்வு விண்ணப்பத்தில் திட்ட இயக்குநரின் கையெழுத்தும் கிடையாது.

*வந்தவர்களுக்குத் துணிப்பை கொடுத்தார்கள். "உன்னால் முடியும்" என்று அச்சிட்டது.

4

ஆனால் படம் முதல் வாரமே எடுத்தாகிவிட்டது. வெள்ளைக் கோட்டு, கையில் நீலத் தண்ணீர் ஊற்றிய குடுவை. நான் பாலம் கட்டப் படிக்கிறேன், இது என்ன தண்ணி என்று அவள் கேட்டாள். சும்மா அதைப் பார்த்துச் சிரிம்மா என்றார் படமெடுத்தவர்.

நீக்கிய பெண்ணை அட்டையில் போடலாமா என்று இயக்குநர் ஹாலிஸ் அம்மையாரிடம் கேட்டேன்.

"படம் நல்லா வந்திருக்கு, எஃப்ரேன். தேர்ச்சி ஆயிட்டாள்னு நம்பிக்கையா முடிச்சிடுங்க."

தேர்வே இன்னும் நடக்கவில்லை என்றேன். மலர் நாளை அச்சுக்குப் போகிறது என்றார்.

5

இன்று செவ்வாய். கொட்டகை முற்றத்தில், அவளுடைய அரைமணி இடைவேளையில், கவிழ்த்த பெட்டிமேல் இதை எழுதுகிறேன். பக்கத்தில் அவள் புரீட்டோ ரொட்டிச்சுருளைக் கடித்தபடி பாலக் கணக்குப் போடுகிறாள். நடுவே என் தாளை எட்டிப்பார்த்தாள்.

"அண்ணே, இதுல நான் எந்த இடத்துல அழுவுறேன்?"

"அழுகை இல்ல."

"அப்ப அந்தம்மா திருப்பி அனுப்பிடுவாங்க. அது கெடக்கட்டும், இந்தக் கம்பி இழுபடுதா, நசுங்குதா?"

"நீயே சொல்லு."

நசுங்குகிறது என்று குறித்தாள். விடை சரி.

6

முடிவு (அ): இட்சல் தேர்ச்சி பெற்று...

முடிவு (ஆ): இட்சல் கொட்டகையிலேயே...

இரண்டையும் அடித்துவிட்டேன். இதை முதலில் வாசிக்கப்போகிறவர் நீங்கள்தான், ஹாலிஸ் அம்மையாரே. அடுத்த பக்கம் கதை அல்ல, அவளுடைய மறுதேர்வு விண்ணப்பம். நாளை நண்பகல் கடைசி. எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாயிற்று, கீழே உங்களுடையது ஒன்றைத் தவிர.